கறுப்புப் படம்

பெரியவர்களின் நெஞ்சுப் படம் போகிறது, குழந்தைகளின் படம் போகவில்லை. பூவிழி சொன்னது இவ்வளவுதான். யாரும் நம்பவில்லை.

அரியாங்குப்பத்தில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிறிய மருத்துவமனையில் அவள் எக்ஸ்ரே எடுக்கிறாள். படத்தைப் படிக்கும் மருத்துவர் அங்கே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுனில், டாக்டர் மதிவாணன் இருக்கிறார். பூவிழி எடுக்கும் படம் ஒரு லைன் வழியாக அவருக்குப் போகும். அவர் பார்த்துவிட்டு எழுதி அனுப்புவார். இந்த ஒரு வேலைக்கென்றே ஒரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த தனி லைன் அது.

மழைக்காலத்தில் சுவரோரம் இருந்த லைன் பெட்டி நனைந்து போனது. கம்பெனியிலிருந்து வேறு பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை. குழந்தையின் படத்தை அனுப்பினால் பாதியில் லைன் விழும். திரையில் ஒரு சிவப்புக் கோடு வரும். கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்துகொள்ளும். மறுபடி அனுப்பினால் அதே இடத்தில் மறுபடி விழும்.

அவள் புகார் கொடுத்தாள். கம்பெனி, டவுனில் இருந்தபடியே சோதித்தது. லைன் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. அவள் மறுபடி கொடுத்தாள். அதே பதில். ஒருமுறை போனில் ஒருவர் கேட்டார்.

"கொழந்தைங்கன்னா எங்க லைனுக்குப் புடிக்கலையாம்மா?"

பின்னால் யாரோ சிரித்தது கேட்டது.

திரையில் தெரிந்த படத்தைக் கைபேசியில் எடுத்து டாக்டருக்கு அனுப்பிப் பார்த்தாள். அவர் கூப்பிட்டார்.

"போன்ல வர்ற நெஞ்ச நான் படிக்க மாட்டேம்மா. ஒண்ணு கண்ணுக்குத் தப்பிடுச்சின்னா அந்தப் புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னது சரி. அதனால் தாய்மார்கள் படத்தை சி.டி.யில் வாங்கிக்கொண்டு, இருமும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் பாலம் தாண்டி டவுனுக்குப் போனார்கள். போகும்போது பூவிழியைத்தான் திட்டினார்கள்.

ரிச்சர்ட் சார் அங்கே நிர்வாகி. வயதானவர். சட்டைக்கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் பேசுவார். குரலை உயர்த்த மாட்டார். பூவிழிக்கு அதுதான் பயம். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

"லைன்காரங்க சரின்னு கையெழுத்து போட்டுத் தர்றாங்க," என்றார் அன்று காலை. "அப்ப குறை நம்ம பக்கத்துல இருக்குது. நம்ம பக்கத்துல நீதானம்மா இருக்க."

"சார், நான் எல்லாப் படத்தையும் ஒரே மாதிரிதான் அனுப்புறேன்."

"இன்னைக்கு ஆள் நேர்ல வர்றாங்க. அவங்களும் சரின்னு சொல்லிட்டா, நான் டவுன்லேந்து வேற ஆள் பாக்கற மாதிரி ஆயிடும். தப்பா எடுத்துக்காத."

உழவர்கரையில் அவள் வீட்டில் இது யாருக்கும் தெரியாது. அப்பா ராஜாங்கம், மில் மூடிய பிறகு பல வேலை பார்த்தவர். வேலை போவது எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே அவள் சொல்லவில்லை.

லைன் ஆள் ஸ்கூட்டரில் வந்தார். பெண். நாற்பதைத் தாண்டியவர். தோளில் ஒரு பை. பையிலிருந்து சோற்று டப்பா அளவில் ஒரு கருவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"நீதான் பூவிழியா?"

"ஆமா மேடம்."

"நான் ஜோவிதா. உன் புகாரையெல்லாம் மூடுனது நான்தான். எல்லாத்துலயும் கையெழுத்து என்னுது."

பூவிழி, "அப்ப இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அது எப்படி ஒலிக்கும் என்று தோன்றியது.

ஜோவிதா கோபப்படவில்லை. "புளுவுறவங்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாத்திச் சொல்லுவாங்க. நீ ஒரு வார்த்தை மாத்தல. அதான் நேர்ல பாக்கலாம்னு வந்தேன். மேடம்லாம் வேணாம். அக்கான்னே கூப்புடு."

சுவரோரப் பெட்டியிலிருந்து கம்பியைக் கழற்றித் தன் கருவியில் செருகினார். கைபேசியை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"செம்மல், டவுன் முனையில இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"லூப் போடு."

"போட்டுட்டேன்."

கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. பூவிழி பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஜோவிதா சொன்னார்.

"நான் இங்கேந்து ஒண்ணும் பூஜ்யமுமா ஒரு வரிசை அனுப்புறேன். செம்மல் அங்க வர்ற கம்பியையும் போற கம்பியையும் ஒண்ணா முடிச்சி விட்டுருக்கான். அனுப்புனது அப்படியே என்கிட்டயே திரும்பி வரும். ஒண்ணு மாறி வந்தாலும் இது எண்ணிக் காட்டிடும்."

"நாமளே பேசி நாமளே கேக்கற மாதிரி."

"அதேதான். செம்மல், புடுங்கு."

விளக்கு சிவப்பானது.

"போட்டுடு."

பச்சையானது.

"இது எதுக்குக்கா?"

"நடுவுல எங்கயாவது பழைய லூப்ப எவனாவது மறந்து வச்சிருந்தா அதுவே பதில் சொல்லும். நாம டவுன் வரைக்கும் போயிட்டு வர்றதா நெனச்சிக்கினு இருப்போம். அவன் புடுங்குனா இங்க பச்ச போவணும். அப்பதான் நம்பலாம்."

"ஒரு தடவ காலைலேந்து சோத்து நேரம் வரைக்கும் எங்க ஆபீஸ் கீழ்மாடியையே டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தோம்," என்றது செம்மலின் குரல்.

"அந்த லூப்ப மறந்தது யாருன்னும் சொல்லேன்."

"அத வுடுக்கா."

பூவிழி சிரித்தாள். அன்று முதல் முறையாக.

கருவி ஓடியது. பிழை என்ற இடத்தில் பூஜ்யம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பூவிழி அந்தப் பூஜ்யத்தையே பார்த்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

ரிச்சர்ட் சார் கதவருகே வந்து நின்றார்.

"பச்சையா எரியுது. சரியா இருக்குது போல."

"சரியாத்தான் இருக்குது சார். ஆனா நான் இன்னும் முடிக்கல," என்றார் ஜோவிதா. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "பூவிழி, விழுந்த படம் அத்தனையும் சொல்லு. கொழந்தைங்க மட்டுந்தானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் அதைத்தான் சொல்லிவந்தாள். ஒரே ஒரு படம் அதில் சேரவில்லை. பக்கிரி என்று ஒரு தச்சர். உளி பட்டு வீங்கிய விரலோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்த விரல் படமும் விழுந்தது. அவள் அதைப் புகாரில் எழுதவில்லை. குழந்தைகள் என்று சொல்லும்போதே சிரிக்கிறார்கள். குழந்தைகளும் ஒரு தச்சரும் என்றால் என்ன செய்வார்கள்?

ரிச்சர்ட் சார் கதவில்தான் நின்றார். பூவிழி ஜோவிதாவைப் பார்த்தாள். இவர் தன் கையெழுத்தை மறைக்கவில்லை.

"ஒரு பெரியவர் படமும் விழுந்துச்சிக்கா. விரல். நான்தான் எழுதல."

"அப்ப கொழந்தைங்க மட்டும்னு சொன்னது?" என்றார் ரிச்சர்ட் சார் மெதுவாக.

"தப்புதான் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜோவிதா எழுந்து திரையருகே வந்தார். "அந்த விரலக் காட்டு."

காட்டினாள். பெரிய கறுப்புக்கு நடுவே ஒற்றை விரல்.

"ஒரு கொழந்தையக் காட்டு."

கைப்பிடி அளவு நெஞ்சு. சுற்றிலும் கறுப்பு.

"போயிடுச்சின்னியே, பெரியவங்க படம். அதுல ஒண்ணு."

விளிம்பு முதல் விளிம்பு வரை விலா எலும்பு. முழுக் கறுப்புக்கு இடமே இல்லை.

ஜோவிதா மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இந்த மிஷின் படத்தச் சுருக்கி அனுப்புதா, அப்படியேவா?"

"பழைய மிஷின்க்கா. அப்படியே அனுப்பும்."

"கறுப்புக்கு என்னா நம்பர்?"

"பூஜ்யம்."

ஜோவிதா கைபேசியைக் கையில் எடுத்தார். "செம்மல். நாம எப்பவும் போடற பேட்டர்ன்ல தொடர்ந்தாப்ல எத்தினி பூஜ்யம் வரும்?"

"பதினாலு. அதுக்கு மேல வராது."

"இந்தப் பொண்ணு ஒரு விரல் படம் அனுப்புனா ஆயிரக்கணக்குல வருது."

அந்தப் பக்கத்திலிருந்து "ஐயோ," என்று மட்டும் வந்தது.

ஜோவிதா கருவியில் வேறு வரிசையைத் தேர்ந்தார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எப்போதாவது ஒரு ஒன்று. பொத்தானை அழுத்தினார்.

விளக்கு சிவப்பானது. பிழையின் எண் பால் பொங்குவது போல ஏறியது.

பூவிழி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிவப்பு அழகாக இருந்தது.

"சார், வந்து பாருங்க," என்றார் ஜோவிதா. "லைன்லதான் குறை. இந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல."

ரிச்சர்ட் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "இது எப்படிம்மா? இப்பத்தான் பச்சையா இருந்துச்சி."

"லைன்ல ஒண்ணுன்னா ஒரு தட்டு. பூஜ்யம்னா தட்டு இல்ல, சும்மா. எங்க கோயில் பாட்டுக் குழுவுல தபேலாக்காரர் தட்டிக்கினே இருந்தா எல்லாரும் ஒண்ணாப் பாடுவோம். அவரு கொஞ்ச நேரம் நிறுத்திட்டா ஆளுக்கொரு பக்கம் போயிடுவோம். இங்கயும் அப்படித்தான். ரொம்ப நேரம் தட்டே இல்லன்னா அந்தப் பக்கத்துப் பெட்டிக்குத் தாளம் தப்பிடும். கறுப்புலாம் சும்மா."

"நீங்க எப்பவும் போடற வரிசையில?"

"அதுல தட்டு அடிக்கடி வரும். அதான் எங்களுக்குத் தெரியாமப் போச்சி." சற்று நிறுத்தினார். "தெரியாமப் போச்சி இல்ல. நாங்க வேறெதையும் போட்டுப் பாக்கல."

குறை எந்தப் பகுதியில் என்று பிரிக்க வேண்டும். லைன், முருங்கப்பாக்கத்தில் ஒரு சிறிய அறையைத் தொட்டுத்தான் டவுனுக்குப் போகிறது. செம்மல் அங்கே போய் லூப் போட வேண்டும். பைக்கில் கிளம்புவதாகச் சொன்னான்.

அவன் அங்கே போய்ச் சேர்வதற்குள் ரோசா என்ற பெண் தன் பையன் ஜெஸ்வினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று வயது. இருமல் விடவில்லை. ரோசா முன்பும் ஒருமுறை வந்து பாலம் தாண்டிப் போனவள்.

"இன்னைக்கும் டவுனுக்கு ஓடணுமா? ஓடணும்னா இப்பவே சொல்லிடுங்க, நேரா அங்கியே போயிடுறேன்."

பூவிழி ஜோவிதாவைப் பார்த்தாள். ஜோவிதா தலையசைக்கவில்லை, உறுதி சொல்லவும் இல்லை.

"கொஞ்சம் இருந்து பாருங்கக்கா. படத்த எடுத்து வச்சிடுறேன்," என்றாள் பூவிழி.

ஜெஸ்வின் எக்ஸ்ரே பிளேட்டின் முன் நிற்க மறுத்தான். பூவிழி ஒரு கதை சொன்னாள்: அந்தப் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு பூனை தூங்குகிறது, மூச்சு விட்டால் எழுந்துகொள்ளும். அவன் கன்னத்தை ஊதிக்கொண்டு மூச்சைப் பிடித்தான். படம் எடுத்தாகிவிட்டது. வெளியே வந்ததும் பூனையைக் காட்டச் சொல்லி அழுதான்.

"நல்லாப் புளுவுற," என்றார் ஜோவிதா.

"புகார்ல மட்டுந்தான்க்கா உண்மை."

செம்மல் கூப்பிட்டான். முருங்கப்பாக்கத்தில் லூப் போட்டான். பிடுங்கினான், போட்டான். ஜோவிதா பூஜ்ய வரிசையை அனுப்பினார். சிவப்பு.

"அப்ப டவுன் வரைக்கும் இல்ல. உனக்கும் எனக்கும் நடுவுலதான். செம்புக் கம்பி. அங்க பெட்டிய தொறந்து பூஜ்ய சுவிட்ச் எப்படியிருக்குன்னு பாரு."

இங்கே சுவரோரப் பெட்டியையும் திறந்தார். நகம் அளவு ஒரு சுவிட்ச். நீண்ட பூஜ்யம் வரும்போது நடுவில் பொய்யாக ஒரு தட்டைச் சேர்த்துத் தாளத்தைக் காக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது என்றார். அது அணைந்திருந்தது.

"இங்கியும் அணைஞ்சிதான் இருக்குதுக்கா," என்றான் செம்மல். குரல் இறங்கியிருந்தது. "நான்தான் அணைச்சேன். பெட்டி மாத்துன அன்னைக்கு லைன் எழும்பல. புதுசு அணைஞ்சே வந்துருந்துச்சி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாத்தான் எழும்பும். அந்தப் புதுப் பெட்டியில ஏத்தறத வுட்டுட்டு இங்க இத எறக்கிட்டேன். உடனே எழுந்துச்சி. மழ கொட்டிக்கினு இருந்துச்சிக்கா."

ஜோவிதா திறந்த பெட்டியைப் பார்த்தார்.

"அன்னைக்கு டெஸ்ட் பண்ணி சரின்னு சொன்னது யாரு? நான். சரி. ஏத்து."

"ஏத்திட்டேன்."

இங்கேயும் ஒரு குச்சியால் அந்தச் சுவிட்சை மேலே தள்ளினார். கருவியை ஓடவிட்டார். பூஜ்யம், பூஜ்யம், எப்போதாவது ஒரு ஒன்று. விளக்கு பச்சையாக எரிந்தது. பிழையின் இடத்தில் பூஜ்யம். நெடுநேரம் பார்த்தார்கள். அது மாறவில்லை.

"லூப்ப எடு."

"எடுத்துட்டேன்."

"டவுன்ல போட்டது?"

பூவிழி கைபேசிப் பக்கம் திரும்பினாள்.

"கெளம்பறப்பவே எடுத்துட்டேன்க்கா. என் மேல நம்பிக்கையே இல்லியா?"

"இல்ல," என்றார் ஜோவிதா. கம்பியை மறுபடி பெட்டியில் செருகினார். "பூவிழி, ஆள் இல்லாம ஒரு படம் எடு. வெறும் பிளேட்ட. அதுதான் முழுக் கறுப்பு. அது போச்சின்னா எல்லாம் போவும்."

பூவிழி கதவைச் சாத்தி, யாரும் நிற்காத இடத்தைப் படம் எடுத்தாள். திரை முழுக்கக் கறுப்பு. அனுப்பினாள். அனுப்பிய அளவைக் காட்டும் கோடு பாதிவரை நகர்ந்தது. எப்போதும் விழும் இடத்துக்கு வந்தது. அதைத் தாண்டியது. போய்ச் சேர்ந்தது.

போன் அடித்தது. டாக்டர் மதிவாணன்.

"ஏம்மா, முழுசும் கறுப்பா ஒண்ணு வந்துருக்குதே. யாரு இது?"

"யாருமில்ல சார். வெறும் பிளேட்."

"இருட்டப் படிக்கச் சொல்றியா?"

"வந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க சார்."

"வந்துச்சி. முழுசா வந்துச்சி."

"இன்னொண்ணு அனுப்புறேன் சார். இதுல ஆள் இருக்குது," என்று சொல்லி ஜெஸ்வினை அனுப்பினாள். அதுவும் விழாமல் போனது.

டாக்டர் கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, வெறும் சளிதான், வீட்டுக்கு அனுப்பிவிடு என்றார்.

பூவிழி வெளியே போய் ரோசாவிடம் சொன்னாள்.

"அவ்ளோதானா? டவுனுக்குப் போவ வேணாமா?"

"வேணாம்க்கா. வீட்டுக்குப் போங்க."

ரோசா பையனைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அவளுக்கு வேறெதுவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஜெஸ்வின் அவள் தோளுக்கு மேலிருந்து பூனையைத் தேடிக்கொண்டே போனான்.

உள்ளே ஜோவிதா ரிச்சர்ட் சாரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி நான் சரின்னு கொடுத்ததெல்லாம் தப்பு. அத எழுதியே தந்துடுறேன் சார்."

"மெர்சி," என்றார் ரிச்சர்ட் சார். பிரெஞ்சில் நன்றி. அவர் வீட்டில் பேசும் மொழி அது; வேலையிடத்தில் அதிகம் வராது. பூவிழி பக்கம் திரும்பினார். சட்டைக்கைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீ சொன்னத நான் காதுல வாங்கல. டவுன் ஆளுக்கு வர வேணாம்னு சொல்லிடுறேன். ஒப்பந்தத்த நாளைக்கே புதுப்பிச்சிடலாம்."

"சரி சார்."

அவ்வளவுதான் வந்தது. அவர் போன பிறகு ஜோவிதாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றாள். ஜோவிதா கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரொம்ப நன்றி."

"எனக்கு எதுக்கு? அந்த விரல நீ மறைச்சிருந்தா நானும் பச்சையப் பாத்துட்டு வண்டிய எடுத்துருப்பேன். நான்தான் உனக்குச் சொல்லணும்."

"எனக்கு யாரும் சொல்ல மாட்டீங்களா?" மேசைமேல் இன்னும் இணைப்பில் இருந்த கைபேசியில் செம்மலின் குரல்.

"எதுக்குடா, சுவிட்ச எறக்குனதுக்கா?"

"மழைல வந்து எறக்குனதுக்கு."

பூவிழி கைபேசியின் பக்கம் குனிந்தாள். "உங்களுக்கும் நன்றி அண்ணா," என்றாள். அவள் கேலி செய்யவில்லை. அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு போனில் குழந்தைகளைப் பற்றிக் கேட்டபோது பின்னால் சிரித்தது அவன்தானோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. கேட்கவில்லை.

மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாலம் தாண்டி முருங்கப்பாக்கம் வந்ததும் வெளியே பார்த்தாள். டீக்கடைக்குப் பக்கத்தில் பூட்டிய ஒரு சிமெண்ட் அறை. ஜோவிதா சொன்ன அடையாளம் அதுதான். தினமும் இரண்டு முறை அதைக் கடந்திருக்கிறாள், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. ஜெஸ்வினின் நெஞ்சு இன்று அதன் வழியாகப் போனது. பஸ் திரும்பும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அப்பாவிடம் நாளைக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்றாள். அவர் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், ஏதாவது தகராறா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"லைன்ல இருந்துச்சிப்பா. சரி பண்ணிட்டாங்க."

"யாரு?"

"ஜோவிதான்னு ஒரு அக்கா."

அவர் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பூவிழி எக்ஸ்ரே அறையைத் திறந்து, யாரையும் உள்ளே கூப்பிடும் முன் வெறும் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. போன் அடித்தது.

"இன்னைக்கும் இருட்டாம்மா?"

"ஆமா சார். வந்துச்சா?"

"வந்துச்சி."

கதவைத் திறந்தாள். பெஞ்சில் முதலில், தாயின் மடியில், உட்கார்ந்திருந்தது ஒரு கைக்குழந்தை. "வாங்க," என்றாள்.